கரையோரத்து மஞ்சள்: செருனாய் லாவுட்டும் அதன் உறவுகளும்

(மஸ்ஜித் தானாவில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

மஸ்ஜித் தானாவிலிருந்து கடல் அதிகத் தொலைவில்லை. தஞ்சோங் பிடாரா, பெங்காலான் பாலாக், வடக்கே கோலா சுங்கை பாரு, அதற்கும் அப்பால் லிங்கி ஆறு கடலில் கலக்கும் கோலா லிங்கி என்று மலாக்கா மாநிலத்து அலோர் காஜா மாவட்டத்தின் கரை நீள்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் சுற்றுவட்டாரத் தமிழ்க் குடும்பங்கள் சோறு கட்டிக்கொண்டு வந்து பாய் விரிக்கும் இடங்கள் இவை. மணல் முடிந்து சவுக்கும் கெத்தாபாங் மரங்களும் தொடங்கும் எல்லையில், இடுப்பளவுப் புதராகவும், பிடி கிடைத்தால் பக்கத்து மரத்தின் மேலேறியும் ஒரு செடி மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும். மலாய்க்காரர்கள் அதைச் செருனாய் லாவுட் என்கிறார்கள். சூரியகாந்தி, செவ்வந்தி, கரிசலாங்கண்ணி எல்லாம் எந்தக் குடும்பமோ அதே குடும்பம். பல்லாண்டு வாழும் செடி. தாவரவியலார் இன்று வழங்கும் பெயர் வொலஸ்டோனியா பைஃப்ளோரா.

அதே கரையில், கார் நிறுத்துமிடத்தின் ஓரத்திலும் கடைகளின் பின்புறத்திலும், இன்னொரு மஞ்சள் தரையோடு தரையாகப் படர்ந்திருக்கிறது. இலை பளபளக்கும், பூ கொஞ்சம் பெரிது, பார்க்க அழகு. அது வெடேலியா. இரண்டும் ஒரே குடும்பம். ஒருகாலத்தில் இரண்டுக்கும் தாவரவியலார் வழங்கிய பேரினப் பெயரும் ஒன்றாகவே இருந்தது. ஆனால் முதலாவது மனிதர் கை படாமல் கடலில் மிதந்து வந்து இந்தக் கரையைத் தன் வீடாக்கிக்கொண்டது. இரண்டாவது அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்டது. இந்த இரண்டையும் பிரித்தறிய வேண்டும், முதலாவதைக் களை என்று வெட்டி எறிவதை நிறுத்த வேண்டும் என்பதற்காகவே இந்த உரை.

செருனாய் லாவுட்டின் ஒரு கொம்பை எடுத்து நிதானமாகப் பார்க்க வேண்டும். இலைகள் எதிரெதிராக இரண்டிரண்டாக அமைந்திருக்கும். முட்டை வடிவம், கூரான நுனி, விளிம்பில் பல் பல்லான வெட்டு. அடியிலிருந்தே மூன்று நரம்புகள் பிரிந்து ஓடும். மேற்புறத்தை விரலால் தடவினால் சொரசொரப்பு தெரியும். மிக நுண்ணிய விறைத்த மயிர்கள் இலை முழுவதும் பரவி நிற்பதால் வருவது அது. தண்டு இரண்டு மீட்டரையும் தாண்டி வளரும். முதலில் நிமிர்ந்து, பிறகு தன் எடையால் வளைந்து, மண்ணைத் தொட்ட கணுவில் வேர்விட்டு மறுபடி நிமிரும். மணல் நகரும் இடத்தில் உயிர்பிழைக்க இதைவிட நல்ல வழி கிடையாது. அலை வந்து அடிமணலை அரித்துக்கொண்டு போனாலும் அடுத்த கணு பிடித்துக்கொள்ளும்.

பூவைப் பார்த்தால், அது ஒரு பூவே அல்ல. நடுவில் இருக்கும் மஞ்சள் வட்டத்தைக் கையடக்க லென்ஸ் ஒன்றின் கீழ் வைத்தால் பல குட்டிக் குழல்கள் தெரியும். ஒவ்வொரு குழலும் மகரந்தமும் சூலகமும் கொண்ட முழுப்பூ. ஓரத்தில் இதழ்போல நீண்டிருப்பவையும் தனித்தனிப் பூக்கள்தாம். பத்துக்கு முன்னே பின்னே இருக்கும், நுனியில் சிறு பிளவு காணும். இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பச்சைச் செதில்கள் ஏந்திப் பிடித்திருக்கின்றன. செவ்வந்திக் குடும்பத்தின் அடையாளமே இந்தக் கூட்டுத் தலை. பூச்சி ஒருமுறை வந்து அமர்ந்தால் பல பூக்களுக்கு வேலை நடந்துவிடும். பூக்கும் தாவரங்களில் மிகப் பெரிய குடும்பங்களுள் ஒன்றாக இது வளர்ந்ததற்கு இந்த அமைப்பும் ஒரு காரணம்.

காயில்தான் செருனாய் லாவுட் தன் உறவினர்களிடமிருந்து விலகி நிற்கிறது. இக்குடும்பத்தின் பல செடிகள் காயின் தலையில் பட்டுக் குஞ்சம் கட்டிக் காற்றில் பறக்கவிடும். தோட்டப்புறப் பிள்ளைகள் ஊதி விளையாடும் பஞ்சு விதைகள் அவைதாம். செருனாய் லாவுட்டின் காயில் குஞ்சம் இல்லை, இருந்தாலும் ஓரிரு மயிர்கள்தாம். மூன்று நான்கு முனைகொண்ட, கருத்த, தக்கைபோன்ற அந்தக் காய் கடலில் மிதக்கும். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியா, இலங்கை, மலாயாத் தீபகற்பம், வட ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள், ஜப்பானின் ரியூக்கியூத் தீவுகள் வரை ஒரே செடி பரவிக் கிடப்பதற்கு இதுவே காரணம். சமோவாத் தீவு மக்கள் இதை ஆத்தே ஆத்தே என்று அழைத்து இலையை மருந்தாக்குகிறார்கள். மலாய்க் கிராமங்களிலும் வெட்டுக்காயத்துக்கு இலையை அரைத்துக் கட்டும் வழக்கம் உண்டு. ஒருவரையொருவர் கண்டிராத இரு மக்கள், ஒரே கரைச்செடியிடம் ஒரே உதவியைப் பெற்றிருக்கிறார்கள்.

கடல்வழி வருகைக்கு வரலாறு வைத்த சோதனை ஒன்று உண்டு. 1883 ஆகஸ்டில் சுந்தா நீரிணையின் கிராக்கத்தாவ் எரிமலை வெடித்தது. தீவில் எஞ்சிய நிலம் முழுவதும் சுடுசாம்பலில் புதைந்தது. மூன்றாண்டு கழித்து, 1886இல், போகோர் தாவரவியல் தோட்டத்தின் தலைவர் மெல்கியோர் திரெப் அங்கே இறங்கிப் பார்த்தபோது பெரும்பாலும் பெரணிகளே முளைத்திருந்தன. பூக்கும் செடிகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே. அந்தச் சிறு பட்டியலில் வொலஸ்டோனியா இடம்பெற்றது. செத்துப்போன நிலத்துக்கு முதலில் வந்து சேர்ந்தவற்றுள் அதுவும் ஒன்று.

இந்தச் செடியின் பெயர் வரலாற்றில் தமிழ்நாடும் மலாக்காவும் கைகோத்து வருகின்றன. 1763இல் லின்னேயஸ் இதற்கு வெர்பெசினா பைஃப்ளோரா என்று பெயரிட்டார். சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றித் தென்னிந்தியத் தாவரங்களைத் திரட்டிய ராபர்ட் வைட் 1834இல் வெளியிட்ட நூலில், ஜெனீவாவின் டி காண்டோல் இதை வெடேலியா பேரினத்துக்கு மாற்றினார். இரண்டே ஆண்டில் அவரே வொலஸ்டோனியா என்றார். 1965இல் ஹிராம் வைல்டு என்பவர் மெலான்தெராவுக்குக் கொண்டுபோனார். 2013இல் ஆஸ்திரேலியத் தாவரவியலாளர் ஆர்ச்சர்டு, மலேசியா முதல் ஆஸ்திரேலியா வரையுள்ள உலர்தாவரத் தாள்களை ஆராய்ந்து மீண்டும் வொலஸ்டோனியாவுக்கே கொண்டுவந்தார். அதுவரை இதனுள் அடங்கியிருந்த யூனிஃப்ளோரா என்பதைத் தனி இனமாகவும் பிரித்தார். பசிபிக் தீவுகளில் சாம்பல்நிற மயிர் அடர்ந்து காணும் வடிவத்தை அதற்கு முன்பே ஃபாஸ்பெர்க் கானெசென்ஸ் என்ற வகையாகக் குறித்திருந்தார். பரந்த கடலின் கரையெல்லாம் வாழும் செடி ஒவ்வொரு கரையிலும் கொஞ்சம் வேறுபடத்தான் செய்யும். எந்த அளவு வேறுபட்டால் தனி இனம் என்பதில் ஆய்வாளர்கள் மாறுபடுவது இயல்பு. பெயர் மாறிக்கொண்டே இருக்கிறது என்று சலித்துக்கொள்வதைவிட, இருநூற்றைம்பது ஆண்டாக இத்தனை பேர் ஒரு கரையோரப் பூவை விடாமல் பார்த்திருக்கிறார்கள் என்று எண்ணுவதே பொருத்தம்.

அப்படிப் பார்த்தவர்களில் இருவரை மலாக்காவில் பேசும்போது விட்டுவிட முடியாது. லின்னேயஸின் மாணவர் யோஹான் கெர்ஹார்டு கோனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு மிஷன் மருத்துவராக வந்தவர். தஞ்சைக் கரையின் செடிகளைச் சேகரித்தவர். 1778இல் கிழக்கிந்தியக் கம்பெனி வேலையில் சேர்ந்து கப்பலேறி சயாமுக்கும் மலாக்காவுக்கும் வந்தார். 1779ஆம் ஆண்டுப் பயணத்தின் நாட்குறிப்பு பின்னர் சிங்கப்பூரில் ஆங்கிலத்தில் அச்சேறியது. தரங்கம்பாடி மணலில் நடந்த அதே கண்கள் மலாக்கா மணலையும் பார்த்தன. இன்னொருவர் வில்லியம் கிரிஃபித். 1832இல் சென்னையில் இறங்கிய உதவி அறுவை மருத்துவர். அஸ்ஸாம், பூட்டான், ஆப்கானிஸ்தான் என்று நடந்து நடந்து செடி சேகரித்துவிட்டுக் கடைசியில் மலாக்காவில் மருத்துவராக அமர்ந்தார். 1845 பிப்ரவரி 9ஆம் நாள் மலாக்காவிலேயே இறந்தபோது அவருக்கு வயது 34. சென்னைப் பட்டியலில் சம்பளம் வாங்கி மலாக்கா மண்ணில் அடங்கியவர் அவர்.

செருனாய் லாவுட்டின் உள்ளே நடக்கும் வேதியியல்தான் இந்த உரையில் நின்று சொல்ல வேண்டிய செய்தி. கடலோரச் செடிக்கு உப்பு பெரிய தொல்லை. வேர் உள்ள மண்ணில் உப்பு கூடினால், செடிக்குள் இருக்கும் தண்ணீர் வெளியே இழுபடும். அதைத் தடுக்கச் செடி தன் செல்லுக்குள் தீங்கற்ற ஏதாவது ஒன்றை நிரப்பிச் சமன்செய்ய வேண்டும். பல செடிகள் புரோலினையோ பீட்டெய்னையோ நிரப்பிக்கொள்ளும். செருனாய் லாவுட் நிரப்புவது வேறு ஒன்று: டைமெதில்சல்ஃபோனியோ புரோப்பியோனேட் என்ற கந்தகச் சேர்மம். இது கடலின் பொருள். கண்ணுக்குத் தெரியாத கடல் மிதவைப் பாசிகள் கோடிக்கணக்கில் தயாரிப்பது. பாசி சாகும்போது இது உடைந்து டைமெதில் சல்ஃபைடு என்னும் வாயுவாகும். கடற்கரையில் இறங்கியதும் மூக்கில் ஏறும் அந்த வாடையில் இதற்குப் பெரும்பங்குண்டு. மேலே போய் மேகத் துளிகளுக்குக் கருவாகவும் உதவுகிறது.

நிலத்துப் பூக்கும் செடிகளில் அந்தக் கந்தகச் சேர்மத்தைச் சேமிப்பவை மிக மிகச் சில. உவர்ச் சதுப்பில் வளரும் ஸ்பார்ட்டினா புல், சிறிதளவில் கரும்பு, பிறகு நம் செருனாய் லாவுட். 1990களில் கனடாவின் மொன்ட்ரியாலிலும் பிறகு அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலும் ஆண்ட்ரூ ஹான்சன் என்ற தாவர உயிர்வேதியியலாளரின் குழு இந்தச் செடியையே தேர்ந்தெடுத்து, அது இந்தச் சேர்மத்தை எந்தப் படிகளில் செய்கிறது என்று கண்டறிந்தது. மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தில் தொடங்கி, எஸ்-மெத்தில் மெத்தியோனின் வழியாக அந்த வேலை நடப்பதை 1994இல் வெளியிட்டார்கள். வேலையின் பிற்பகுதி பசுங்கணிகத்துக்குள் நடக்கிறது என்பதும், உப்பு ஏறினால் அங்கே சேமிப்பு கூடுகிறது என்பதும் அடுத்த சில ஆண்டுகளில் தெரிந்தன. மஸ்ஜித் தானாவில் யாரும் திரும்பிப் பாராத ஒரு புதர், உலகத் தாவர ஆய்வுக்கூடங்களில் உப்பைத் தாங்கும் கலையைக் கற்றுக்கொடுத்த ஆசிரியராக இருந்திருக்கிறது. வறட்சியும் கடல்நீர் ஊடுருவலும் பயிரை வாட்டும் இந்தக் காலத்தில் அந்தப் பாடத்தின் மதிப்பு இன்னும் கூடும்.

அப்படிப்பட்ட செடியைக் களை என்று பார்க்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது? தோட்டத்திலிருந்துதான்.

மலாயாவின் முதல் வணிகக் கித்தாத் தோட்டம் மலாக்காவில் பிறந்தது. 1896இல் தான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் கித்தாக் கன்று நட்டார். விதை கொடுத்து ஊக்கியவர் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத் தலைவர் ஹென்றி ரிட்லி. பிறகு புக்கிட் அசாஹானில் பெருந்தோட்டம் எழுந்தது, மலாக்காவெங்கும் தோட்டங்கள் பெருகின, தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் ஆள் கட்டிக் கொண்டுவந்தார்கள். தமிழரை இங்கே இழுத்துவந்த மரத்துக்காக ஓயாமல் வாதாடிய அதே ரிட்லிதான் 1922 முதல் 1925 வரை ஐந்து தொகுதிகளாக மலாயாத் தாவரங்களின் பெருநூலை வெளியிட்டவர். 1930இல் செடிகள் உலகெங்கும் எப்படிப் பரவுகின்றன என்று இன்னொரு பெரிய புத்தகம் எழுதி, கடல்வழிப் பரவலுக்கு அதில் விரிவான இடம் கொடுத்தார். ரிட்லியின் இரண்டு வேலைகளில் ஒன்று மட்டுமே தோட்டத்துக்குள் வந்து சேர்ந்தது.

தோட்டத்தில் நடந்தது சுத்தக் களையெடுப்பு. ஆரம்பக் காலத்தில் துரைமார்கள் மரத்தடியில் ஒரு புல்கூடத் தெரியக்கூடாது என்று கேட்டார்கள். பெண்களும் பிள்ளைகளும் குனிந்த முதுகோடு நிரை நிரையாகச் சுரண்டினார்கள். வெறும் மண் மழையில் கரைந்து ஓடியது. பின்னர்தான், 1925இல் அமைந்த கித்தா ஆராய்ச்சிக் கழகமும் மற்றவர்களும் மூடுபயிர்களை வற்புறுத்தினார்கள். மூடுபயிராக முயன்றவற்றில் ஒன்று செவ்வந்திக் குடும்பத்துக் கொடியான மைக்கேனியா. அது மண்ணை மூடியது, ஆனால் கித்தாவின் வளர்ச்சியையே பின்னுக்கு இழுக்கிறது என்று பிறகு தெரிந்தது. இன்று செம்பனைத் தோட்டங்களில் மருந்தடிப்பவர்கள் இதனோடுதான் போராடுகிறார்கள். மருந்தடிப்பு என்று சொல்லும்போது, அந்த வேலையில் உடல் கெட்ட பெண்களில் கணிசமானோர் தமிழ்ப் பெண்கள் என்பதையும், பாராகுவாட் என்ற நஞ்சு 2020 ஜனவரி 1 முதல்தான் மலேசியாவில் தடையானது என்பதையும் சொல்லாமல் கடக்க முடியாது.

தலைமுறை தலைமுறையாகக் களை என்ற சொல்லோடு வாழ்ந்த மக்கள், தோட்டம் துண்டாடப்பட்டு ஊருக்கும் தாமானுக்கும் குடிபெயர்ந்த பிறகும் அதே கண்ணோடு பார்ப்பதில் வியப்பில்லை. வரிசையில் இல்லாதது, யாரும் நடாதது, கொம்பு நீட்டிக் கிடப்பது எல்லாம் வெட்ட வேண்டியது. வரிசையாக, தாழ்வாக, பளபளவென்று இருந்தால் அது அழகுச்செடி. இந்த அளவுகோலில் செருனாய் லாவுட் தோற்கிறது, வெடேலியா வெல்கிறது.

வெடேலியாவின் சரியான பெயர் ஸ்ஃபாக்னெட்டிக்கோலா திரைலோபாட்டா. மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியத் தீவுகள், தென்னமெரிக்காவின் வெப்பப் பகுதிகள் அதன் தாயகம். தாவரவியலாளர் ஜான் புருஸ்கி 1996இல் இதைத் தற்போதைய பேரினத்துக்கு மாற்றினார். தெருவில் இன்னும் வெடேலியா என்றே வழங்குகிறது, அதில் தவறில்லை. சாலைச் சரிவுகளில் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், தண்ணீர் கேட்காது, சீக்கிரம் மூடும் என்பதற்காக நாடெங்கும் நட்டார்கள். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் இதே செடியைச் சிங்கப்பூர் டெய்சி என்று அழைத்து, விற்கவும் பரப்பவும் கூடாத ஆக்கிரமிப்புச் செடியாக அறிவித்திருக்கிறார்கள். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் ஆக்கிரமிப்பு உயிரின வல்லுநர் குழு 2000இல் வெளியிட்ட மிக மோசமான நூறு அந்நிய உயிரினங்களின் பட்டியலில் செவ்வந்திக் குடும்பத்திலிருந்து மூன்று இருக்கின்றன: மைக்கேனியா, மலாய்க்காரர்கள் போக்கோ கப்பால் தெர்பாங் என்று சொல்லும் குரோமோலேனா, வெடேலியா. மூன்றையும் மஸ்ஜித் தானா வட்டாரத்தில் ஒரு காலை நடையிலேயே பார்த்துவிடலாம்.

வெடேலியாவின் பலமெல்லாம் கணுவில் இருக்கிறது. விதையை அது பெரிதாக நம்புவதில்லை. மண்ணைத் தொடும் ஒவ்வொரு கணுவும் வேர்விடும், ஒரு துண்டு போதும் புதுக் கம்பளம் விரிக்க. புல்வெட்டும் இயந்திரம் அதை நறுக்கித் தெறிக்கவிடும்போது, வெட்டுபவர் அறியாமலேயே நடவு செய்கிறார். தோட்டக் குப்பையைக் கடற்கரையில் கொட்டும் பழக்கமும் அதற்கு வழி திறக்கிறது. கம்பளம் அடர்ந்தபின் அதனடியில் வேறு நாற்று எழுவது அரிது. புன்னைக் கன்றோ, தாழையோ, அடும்போ, செருனாய் லாவுட்டோ ஒளிக்கு வழியின்றி மடியும்.

புன்னை, தாழை, அடும்பு என்று அடுக்கும்போது தமிழ் படித்தவர்களுக்கு நெய்தல் திணை நினைவுக்கு வரும். அது சரிதான். சங்கப் புலவர்கள் பாடிய கரைச்செடிகள் தஞ்சோங் பிடாராவிலும் வாழ்கின்றன. அடும்பை மலாயில் தாப்பாக் கூடா என்பார்கள். மஸ்ஜித் தானாவில் தமிழ் இலக்கியம் பயிலும் மாணவர் நெய்தலைப் படத்தில் பார்க்க வேண்டியதில்லை, பேருந்தில் போய்ப் பார்க்கலாம். தமிழ்நாட்டு மணற்கரையில் செவ்வந்திக் குடும்பத்துக்கு வேறொரு சார்பாளர் உண்டு: எழுத்தாணிப் பூண்டு. லாவ்னேயா சார்மென்டோசா என்ற அந்தச் செடி மணலின்மேல் நூல்போல ஓடி, இடைவெளி விட்டு இலைக்கொத்து வைத்து, கொத்துக்குக் கொத்து வேர்பிடிக்கும். கிள்ளினால் பால் வடியும். மாலத்தீவில் அதன் இலையைக் குள்ளாஃபிலா என்று உணவில் சேர்க்கிறார்கள். குடும்பத்தில் தூரத்து உறவுதான், ஆனால் மணலில் வாழ அதுவும் செருனாய் லாவுட்டின் உத்தியையே கையாள்கிறது.

வெடேலியாவோடு தமிழருக்கு நேர்த் தொடர்புள்ள குழப்பம் ஒன்று இருக்கிறது. மஞ்சள் கரிசலாங்கண்ணி. வள்ளலார் கரிசலாங்கண்ணியைப் போற்றியதால் அது சமையலறை வரை வந்த கீரை. வெள்ளைப் பூ பூப்பது எக்லிப்டா. மஞ்சள் பூ பூப்பது ஸ்ஃபாக்னெட்டிக்கோலா காலெண்டுலேசியா, அதாவது வெடேலியாவின் உடன்பிறப்பு. இதன் வேதியியலில் ஒரு முக்கியமான கண்டுபிடிப்பு சென்னையில் நடந்தது. மாநிலக் கல்லூரியில் டி. ஆர். கோவிந்தாச்சாரி, கே. நாகராஜன், பி. ஆர். பாய் ஆகியோர் இச்செடியிலிருந்து வெடெலோலாக்டோன் என்ற சேர்மத்தைப் பிரித்து, அதன் அமைப்பை 1956இல் வெளியிட்டார்கள். கல்லீரல் மருந்தாராய்ச்சியில் இன்றும் அந்தப் பெயர் பேசப்படுகிறது. வசதி குறைந்த ஒரு கல்லூரி ஆய்வகத்தில், வயல்வரப்புச் செடியிலிருந்து, தமிழ்நாட்டு வேதியியலார் உலகத்துக்குக் கொடுத்த செய்தி அது. பள்ளிப் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் பெறத் தகுந்தது.

ஆனால் சாலையோர வெடேலியாவையே மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று பறித்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அது கூடாது. வேறுபாடு கடினமானதல்ல. வெடேலியாவின் இலை நுனிப்பக்கம் பெரும்பாலும் இரு தோள் எழுந்து மூன்று மடலாகக் காணும், மேற்புறம் பளபளக்கும். மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை ஒடுங்கி நீண்டது, மடல் கிடையாது. அது ஈரமான வரப்பையும் வாய்க்கால் கரையையும் நாடும். செருனாய் லாவுட்டின் இலை அகன்றது, சொரசொரப்பானது, மங்கலான பச்சை. அதன் பூத்தலைகள் கொம்பின் நுனியில் இரண்டு மூன்றாகச் சேர்ந்தும் நிற்கும், மற்ற இரண்டிலும் நீண்ட காம்பில் தலை தனியே நிற்கும். சந்தேகம் வந்தால் பறிக்காமல் விடுவதே நல்லது. சாலையோரச் செடியில் என்ன மருந்தடித்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது.

வெடேலியாவும் மஞ்சள் கரிசலாங்கண்ணியும் பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்தால் இன்னொரு ஆபத்து. தென் சீனாவின் குவாங்டோங் மாநிலத்தில் வெடேலியாவும் அங்குள்ள மஞ்சள் கரிசலாங்கண்ணியும் கலந்து கலப்பினம் தோன்றியிருக்கிறது. தாவரவியலார் அதற்கு அந்த மாநிலத்தின் பெயரையே வைத்துவிட்டார்கள். நாட்டுச்செடி வெட்டுப்பட்டு மட்டும் அழிவதில்லை, கலந்து கரைந்தும் அழியும் என்பதற்கு அது கண்முன் உள்ள சாட்சி.

கரையிலிருந்து சற்று உள்ளே, கண்டல் காட்டின் ஓரத்திலும் ஆற்று முகத்திலும் இதே குடும்பத்தின் இன்னொரு பல்லாண்டுச் செடி நிற்கிறது: பெலுந்தாஸ். ப்ளூச்சியா இண்டிக்கா. ஆளுயரப் புதர், ஊதாச் சாயல் கொண்ட சிறு தலைகள், ஓரப்பூ கிடையாது. மலாய்க்காரர்கள் துளிரை உலாமாகச் சாப்பிடுகிறார்கள். தாய்லாந்தில் இலையை உலர்த்தித் தேநீராக விற்கிறார்கள். தாவரவியலாளர் பர்க்கில் 1935இல் வெளியிட்ட மலாயாப் பொருளியல் விளைபொருள் அகராதியில் இதன் பயன்கள் பதிவாகியுள்ளன. ஹவாயில் இதுவே ஆக்கிரமிப்புச் செடியானது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தாயகக் கரையில் காப்பாளனாக நிற்கும் செடி வேற்றுக் கரையில் தொல்லையாகும். ஆகவே வெடேலியாவின்மேல் வெறுப்பு வேண்டாம், அது இருக்கும் இடம்தான் சிக்கல்.

இனி, இந்தக் கரைச்செடிகளின் நிழலை நாடி வரும் ஆமைக்கு வருவோம். பெங்காலான் பாலாக் பக்கம் பாடாங் கெமுந்திங்கில் கடலாமைப் பாதுகாப்பு நிலையம் இருக்கிறது. அங்கே காக்கப்படுவது அழுங்காமை. தீபகற்ப மலேசியாவில் அழுங்காமை முட்டையிடும் கரைகளில் முதன்மையானது மலாக்காக் கரை. மலாக்கா நகருக்கு எதிரேயுள்ள உப்பே தீவு ஒருகாலத்தில் அவற்றின் பெரிய முட்டையிடு களமாக இருந்தது. கரையோரக் கடல் நிரப்பு வேலைகளுக்குப் பின் அங்கே வருகை சரிந்தது. அதனால் அலோர் காஜா மாவட்டத்தின் மணற்கரைகள் முன்னைவிட முக்கியமாகிவிட்டன.

அழுங்காமை மற்றக் கடலாமைகளைப்போல் வெட்டவெளி மணலோடு நின்றுவிடாது. பெரும்பாலும் மேலேறி வந்து, கரைச்செடிகளின் நிழலிலும் புதரின் அடியிலும் குழி தோண்டும். இதற்குப் பொருள் உண்டு. ஆமைக்குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பமே தீர்மானிக்கிறது. ஏறத்தாழ 29 பாகை செல்சியசுக்கு மேல் போகப் போகப் பெண் குஞ்சுகள் கூடும். புதரின் நிழல் மணலைக் குளிரவைக்கும், ஆண் குஞ்சுக்கும் வாய்ப்புத் தரும். செருனாய் லாவுட்டும் அடும்பும் கரையோரப் புன்னையும் வெட்டப்பட்டுச் சிமெண்டும் அழகுப் புல்லும் விரிந்தால், ஆமை வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும், அல்லது சுடும் மணலில் முட்டையிடும். கரையை அரிப்பிலிருந்து காப்பதும் இதே பசுமைப் பட்டைதான்.

இதில் ஊர்மக்கள் செய்ய முடிந்தவை உண்டு. ஆமை முட்டையிடும் கரையின் மேல்மட்டத்தில் எதை நடுவதும் வெட்டுவதும் மீன்வளத் துறை, ஊராட்சி மன்றம் இவற்றின் அனுமதியோடுதான் நடக்க வேண்டும். ஆனால் பள்ளி, கோயில், வீடு, கடை ஆகியவற்றின் வளாகம் நம் கையில் இருக்கிறது. தமிழ்ப்பள்ளித் தோட்டத்தின் ஈரமான மூலையில் மஞ்சள் கரிசலாங்கண்ணிக்கு ஒரு பாத்தி ஒதுக்கலாம், பக்கத்தில் பெயர்ப்பலகையோடு கோவிந்தாச்சாரியின் பெயரையும் எழுதலாம். அந்தப் பாத்திக்கு அருகில் வெடேலியா இருக்கக்கூடாது. வெயில் படும் வேலியோரத்தில் செருனாய் லாவுட்டை வளர்க்கலாம். முற்றிய தண்டில் மூன்று நான்கு கணு வருமாறு வெட்டி, கீழ் இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி மணல் கலந்த பையில் நட்டு, வேர்விடும்வரை நிழலில் வைத்துத் தண்ணீர் ஊற்றினால் போதும். உப்பு தாங்கும் செடி என்பதால் உப்புநீர் ஊற்ற வேண்டும் என்று யாரும் எண்ண வேண்டாம், நல்ல தண்ணீரில் நன்றாகவே வளரும்.

வெடேலியாவை எடுப்பவர்கள் புல்வெட்டும் இயந்திரத்தைத் தொடக்கூடாது. மழை பெய்து மண் இளகிய மறுநாள், கையால் கொடியைப் பிடித்து, கணு கணுவாக வேரோடு தூக்க வேண்டும். ஒரு கணு தங்கினாலும் அது மறுபடி வரும். எடுத்ததைக் குப்பைக் குழியிலோ வாய்க்காலிலோ போடாமல், கறுப்புப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, தண்டு முழுதும் அழுகிக் கறுக்கும்வரை வெயிலில் வைக்க வேண்டும். எடுத்த இடத்தை வெறுமனே விடாமல் அன்றே அடும்போ செருனாய் லாவுட்டோ நட்டு, முதல் சில மாதங்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய், தலைகாட்டும் பளபளப்பான மூன்று மடல் இலைகளைக் கிள்ளி எடுத்துக்கொண்டு வர வேண்டும்.